சாமிக்குப் புரியும் ஃபாண்ட்

“சாமிக்கு எந்த ஃபாண்ட்மா புரியும்?” என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். அந்தோணியார் திருவிழா ஜெபப் புத்தகம் அச்சகத்தில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களாகத் திறந்த அன்று, தன் கடையில் அதை டைப் செய்த ஜெசிந்தாவுக்கும் அதே சந்தேகம். நாளைக்குக் கொடியேற்றம். அச்சகம் புது முறையான யூனிகோட் எழுத்தைக் கேட்டது. அவளுடையது பழைய ஃபாண்ட். எதிரே இதே டைப்பிங் கடை வைத்திருந்த ஜியாவுதீன், “என்னக்கா, அந்தோணியார் இன்னும் அப்டேட் ஆகலையா?” என்று சிரித்தபடியே, மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான்.

நோன்பு மாதத்தில் அவன் தொழுகைக்குப் போயிருந்தபோது வேறொரு அச்சகம் ஜெசிந்தாவை அழைத்தது. “எதிர்க்கடைக்காரர் போனை எடுக்கலைம்மா. அவர் அனுப்பின பள்ளிவாசல் நோட்டீஸ் குப்பையா வருது. இப்பவே அடிக்கணும்.” அங்கே யூனிகோட் ஆகாதாம், பழைய ஃபாண்ட்தான் வேண்டுமாம்! தலையில் அடித்துக்கொண்டாள். ஃபைலை வாங்கி முழுவதையும் மறுபடி டைப் செய்து அனுப்பினாள். அவனிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

மறுநாள் ஜியாவுதீன் நோட்டீஸை ஆட்டிக் காட்டினான். “பாத்தீங்களா, நம்ம ஃபைல் எங்கேயும் தகராறு பண்ணாது.”

“ஆமாம் தம்பி” என்றாள் ஜெசிந்தா.