அயோவாக்காரியின் நட்சத்திரம்

இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இணுவில் கந்தசுவாமி கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கொடிமரம் தூரத்தில் இருந்தபடியால், அன்றைக்குச் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றே செய்தேன்.

சத்தியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவரின் தோளில் குண்டு போட்ட துவக்கு தொங்கியது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, யாழ்ப்பாணம். இயக்கக்காரர் தங்கள் படைக்கு ஆள் சேர்க்க, கண்ட இளந்தாரிகளை எல்லாம் பிடித்து, ஆயுதப் பயிற்சிக்கென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லொறி எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றது. அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். ஒருவன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு இருந்தான்.

“தேவராசா எங்கை?”

தேவராசா என் கடைசி மகன். பதினெட்டு வயது.

“அவன் அமெரிக்காவிலை படிக்கிறான், தம்பி. போன மாசம் போனவன்.”

“ஐயா எங்களைப் பேய்க்காட்டுறார்,” என்றார் கூட வந்தவர். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். பெட்டகம் திறபடும் சத்தம் கேட்டது.

நான் துவக்குக்காரருக்கு விளக்கமாகச் சொன்னேன். பிறநாட்டுப் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சேர்த்து, தங்குவதற்கு ஒரு குடும்பத்தையும் பார்த்துக் கொடுக்கிற சபை ஒன்று உண்டு. வலிகாமம் முழுவதற்கும் அதன் ஆள் நான்தான். அயோவாவில் ஒரு பள்ளிக்கூடம் தேவராசாவின் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கு நாங்கள் படிப்பிப்பதா, இவன் எங்களுக்குப் படிப்பிப்பதா என்று கேட்டிருந்தது.

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்.

பிறகு, யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“முன்பின் தெரியாத வீட்டிலை பெடியனை விடேக்கை, சாதகம் பாத்தனியளோ?”

கெட்டிக்காரர். எங்கள் பகுதியில் பள்ளிக்கூடம் மாற்றுவதற்கே சாதகம் பார்ப்பார்கள். தாயை மாற்றும்போது பாராமல் விட்டதாகச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன்.

“பாராமல் அனுப்புவமோ, தம்பி.”

மூன்று குடும்பங்கள் முன்வந்தன. முதற் குடும்பத்தில் தகப்பனுக்கு ஏழரைச் சனி. இரண்டாவது வீட்டுக்காரர் பனிப்புயலுக்குள் பிறந்தவர். மணிக்கூடு இருந்த சுவரே யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். மூன்றாவது டொறத்தி. சோளம் செய்கிற குடும்பம், நூறு மாடு. அவளுடைய தாய், பால் கறக்கிற நேரத்தில்தான் இவளைப் பெற்றேன் என்று நினைவு வைத்துச் சொன்னாள். இணுவில் சாத்திரியார் சிவசுப்பிரமணியம், இங்கே பகலென்றால் அங்கே இரவு என்பதால், சாதகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் கணித்தார். நட்சத்திரம் ரோகிணி.

தாய்க்கும் பிள்ளைக்கும் பொருத்தம் பார்க்கச் சாத்திரத்தில் விதி இல்லை. ஆகவே கலியாணப் பொருத்தங்களில் தாலிக்குரியதை மட்டும் தள்ளிவிட்டு மற்றதெல்லாம் பார்த்தார். டொறத்தி கோபிக்கவில்லை. நான் புருஷனைக் கட்டுமுன் இந்தச் சாத்திரியார் எங்கே போயிருந்தார் என்றுதான் கேட்டு எழுதினாள்.

அப்போதுதான் என் மனைவி சின்னத்தங்கம் குசினியிலிருந்து வந்தாள். இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றி இறுக்கியிருந்தாள்.

“உந்த மனிசன் எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லும், தம்பி. நூறு மாடில்லை. நாப்பதுதான். அதுக்கே அந்தப் பிள்ளை டொறத்தி விடியமுன்னம் எழும்பிறாள்.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து சின்னத்தங்கம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே அன்றிலிருந்து நானும் நாற்பது என்றே சொல்லி வருகிறேன்.

உள்ளே போனவர் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். அறை, மால் கொட்டில், புகையிலைக் குடில் எல்லாம் பார்த்தாராம். ஒருவரும் இல்லையாம்.

“நீ லொறிக்குப் போ, வாறன்,” என்றார் துவக்குக்காரர்.

அவர் போகுமட்டும் பார்த்து நின்றுவிட்டு, துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினார். குரல் இறங்கிவிட்டது.

“ஐயா, எனக்கொரு தம்பி இருக்கிறான். பதினைஞ்சு வயசு. லொறிக்கு அவனையும் கேக்கினம். உங்கடை சபையிலை அவனுக்கு ஒரு குடும்பம் பாப்பியளோ?”

நான் சின்னத்தங்கத்தைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“என்ன நட்சத்திரம்?”

“மூலம். எடுப்பினமோ?”

“ஆண் மூலமெல்லோ, தம்பி. அதுக்கு அங்கை அடிபிடி.”

அவர் சிரித்தார். சிரித்தபோதுதான் அவருக்கும் இருபது வயது ஆகியிராது என்று தெரிந்தது.

“அம்மாவை அவனோடை வரச்சொல்லுறன். நான் கேட்டதெண்டு உவங்களுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.”

“ஓம், வரச்சொல்லுங்கோ. பாப்பம்.”

அவர் படலையைத் தானே சாத்திவிட்டுப் போனார். லொறி சங்கானைப் பக்கம் திரும்பிச் சத்தம் ஓயுமட்டும் நாங்கள் இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவ்வளவு நேரமும் தேவராசா எங்கள் கிணற்றுக்குள், கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.