அளவு தெரியாத கை

துப்பாக்கிக் குழாயின் அடிவரை போய் முட்ட வேண்டிய கம்பி, ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். காட்டில் பன்றி விரட்ட மாமனார் வாங்கியது. இப்போது சுடுவது என் வீட்டுக்காரர் சின்னப்பராஜ், துடைப்பது நான். பத்து மணிக்குள் அவர் வேப்பந்தட்டை கிளம்பியாக வேண்டும்.

துடைக்கும் எண்ணெய் என் கைப்பக்குவம். மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன். இருமல் மருந்து பாட்டிலில் கலந்து வைத்திருப்பேன். குழம்பானாலும் சரி, துப்பாக்கியானாலும் சரி, என் கைக்கு அளவு தெரியாது.

"இம்புட்டு எண்ணெய ஊத்துனா அவசரத்துக்கு வெடிக்குமா புள்ள?" என்பார் ஒவ்வொரு முறையும்.

கம்பியைத் திருகி இழுத்தேன். தேங்காய் நார் வந்தது. பின்னாலேயே எண்ணெயில் ஊறிய கருமருந்து, கொழகொழவென்று.

மருந்து திணித்துக் கெட்டித்த துப்பாக்கியையா மடியில் வைத்திருக்கிறேன்?

பன்றிக்குக் கெட்டித்துவிட்டு மறந்திருப்பார், புத்தி கெட்ட மனுஷன் என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் மக்காச்சோளம் ஒடித்து ஒன்றரை மாதமாகிறது. மொட்டைக் காட்டில் பன்றிக்கு என்ன வேலை?

திருப்பிப் பார்த்தேன். பொறி பறக்க வைக்கும் கேப் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது.

விசையை அழுத்தியிருக்கிறார். வெடிக்கவில்லை.

ஒடிப்பு முடிந்ததும் நான்தான் துடைத்து, என் தையல் மிஷினுக்குப் பின்னால் நிறுத்தினேன். நான் எழுந்திருக்காமல் யாரும் அதை எடுக்க முடியாது. அதன் பிறகு நான் வீட்டைவிட்டு நகர்ந்தது ஒரே ஒரு நாள்.

எங்கள் மகன் டேவிட்ராஜின் வருஷப் பூசை.

ஹைவேயில் அவனோடு நொறுங்கிக் கிடந்த பைக்கை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். பூசைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டவர், தலைவலி என்று நின்றுகொண்டார். நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காலரில் எண்ணெய்க் கறை.

பெற்ற பிள்ளையின் பூசைக்கு வராமல் வண்டியையா நோண்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தினேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். திட்டிக்கொண்டே மூன்று முறை சோப்புப் போட்டுக் கசக்கினேன். கறை போகவில்லை.

காலரில், தாடைக்குக் கீழே.

என் எண்ணெய்.

மாதாவே என்று எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

"முடிஞ்சுதா புள்ள?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

பாட்டிலைக் கவிழ்த்தேன். முழுவதையும் குழாய்க்குள் ஊற்றினேன். நிரம்பி வழிந்து என் புடவை நனைந்தது. பாட்டில் காலியான பிறகும் கவிழ்த்தே பிடித்திருந்தேன்.

அவர் என் காலடியில் கிடந்த தேங்காய் நாரைப் பார்த்தார்.

இந்த முறை அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.