பதினாலாம் கட்டில்

வார்டு ஆயா பேச்சிக்கனி தண்ணீர் கொடுத்தபோது, பதினாலாம் கட்டிலில் வெட்டுப்பட்டுக் கிடந்த கொம்பையாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தகப்பனில்லாத அவள் மகனைத் தோளில் கைபோட்டுத் தன் கூட்டத்தில் சேர்த்தவன் அவன். தான் செய்த கொலையை அந்தப் பிள்ளை தலையில் கட்டி ஆயுள் தண்டனைக்கு அனுப்பியவனும் அவன்தான்.

வார்டை விட்டு வெளியே வந்தவளை வாசலில் இரண்டு பேர் வழிமறித்தார்கள். பெரியவனின் சட்டைக்குள் எதுவோ நீளமாகப் புடைத்திருந்தது.

"ஆயாம்மா, கொம்பையா எந்தக் கட்டில்ல கெடக்கான்?"

சின்னவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

"ஒங்கம்மா எங்கடா?" என்று அவனைக் கேட்டாள்.

"யாருமில்ல. இந்த அண்ணாச்சிதான் எல்லாம்."

பேச்சிக்கனி விரலை நீட்டிப் பதினாலைக் காட்டினாள். பெரியவன் உள்ளே போனான். பின்னாலேயே நகர்ந்த சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஆயாம்மா, அண்ணாச்சி என்னைக் கொன்னுருவாரு."

உள்ளே அலறல் எழுந்தபோதும் அவள் பிடியை விடவில்லை.