வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

நாற்காலியில் சிகாபுதீன், கட்டிலில் அவர் மனைவி ஆரிஃபா, வாசற்படியில் மகள் நௌரின், தரையில் திறந்து கிடந்த பழைய கம்ப்யூட்டர் அருகே மெக்கானிக் அஜீஷ்.

“மெமரியும் டிஸ்க்கும் காணலை இக்கா. ஆரோ அறிஞ்சுதான் கழற்றியிருக்கு. சரியாக்கணுமா, விட்டுடலாமா?” என்றான் அஜீஷ்.

“விட்டுடுங்க வாப்பா. நான் முதல்ல காலேஜ் முடிக்கிறேன்,” என்றாள் நௌரின்.

“துபாய் மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை இதுல கேமரா வெச்சுதானே உன்னைப் பார்க்கணும்?” என்றாள் ஆரிஃபா.

“புதுசு வாங்கி மாட்டு அஜீஷே,” என்று முடித்தார் சிகாபுதீன்.

பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதச் சொல்லி நௌரினிடம் கடிதம் சொன்னார். “கம்ப்யூட்டர் ரெடி. பெண்ணுக்குச் சம்மதம்.”

அவர்களுக்கு மலையாளம்தான் படிக்க வரும். நௌரின் மலையாளத்தில் எழுதினாள்: “கம்ப்யூட்டர் சரியாகாது. பெண்ணுக்குச் சம்மதமில்லை.”

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த சிகாபுதீன் அடியில் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, தானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.