விடிந்தால் புயல்

“புயல் நாளை அதிகாலை கரையைக் கடக்கும். எவரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்!” செய்தி வாசிப்பவரின் குரல் வாசற்கதவைத் தாண்டி வந்து கணக்கு டீச்சரை எதிர்கொண்டது.

புது மேம்பாலத்தின் நடுவில் பேருந்து பழுதாகி நின்றுவிட, வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தவள் அவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் பாய்ந்தாள். இன்றைக்குப் போயா இந்த மனிதர் செய்தி பார்க்க வேண்டும்?

விடிந்தால் மகள் செவிலியர் படிப்புக்கு ரயில் ஏற வேண்டும். சென்ற ஆண்டே கிடைத்த இடம் அது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, செய்தியைப் பார்த்துப் பார்த்து வெலவெலத்துப்போன தகப்பனார், கட்டிய பெட்டியைப் பிரித்துக் கொட்டி, “உயிர் இருந்தா அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்” என்று மறித்துவிட்டார். திரையில் வந்த ஆபத்துகளுள் எது அவரை அப்படி ஆட்டியது என்று எவரும் கேட்கவில்லை. அழுகையும் சண்டையுமாகவே அந்த வாரம் கழிந்தது. அதே கல்லூரி மனமிரங்கி இன்னொரு முறை அழைத்திருக்கிறது. மூன்றாம் முறையும் அழைக்க அது ஒன்றும் தாய்மாமன் வீடு அன்று.

தகப்பனார் லிப்ட் மெக்கானிக். வானளாவிய கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், கம்பிவடம் ஒன்றை நம்பி இறங்கத் துணிந்த நெஞ்சு அவருடையது. ஆனால் கூடத்து டிவிப் பெட்டிக்குள் ஒருவன் கோட்டு மாட்டிக்கொண்டு கத்தினால் கைகால் உதறிவிடும். எங்கோ தீப்பற்றினால் இங்கே அடுப்பை அணைப்பார். எங்கோ நிலம் நடுங்கினால் இங்கே கட்டிலுக்கு அடியில் பாய் விரிப்பார். பொறுமைக்கு நிலமகளை உவமை சொன்ன புலவர்கள் இந்த வீட்டில் ஒரு நாள் குடியிருந்து பார்த்ததில்லை.

“கேபிளைத்தான் போன மாசமே வெட்டிட்டேனே! இது எங்கேருந்து வருது?”

“போன்லேருந்து டிவிக்குப் போட்டிருக்கேன். செத்த சும்மா இரு டீச்சரம்மா, முக்கியமான இடம்.”

“முக்கியமான இடமா? செய்தி பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணின வாயா இது?”

அவர் மகளுடைய வெள்ளைச் சீருடையை மேசைமேல் விரித்து, காலரின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியை நிதானமாக நகர்த்திக்கொண்டிருந்தார். திரையில் கடல் நுரை கக்கியது. ஊழிக்காலத்து முழக்கம்போல் இசை அதிர்ந்தது. புது மேம்பாலத்துக்குத் தூண் நடும் பணி மழையால் நின்றுபோனதாக அடியில் ஒரு வரி ஊர்ந்து மறைந்தது. அதையெல்லாம் வாசிக்கும் நிலையில் டீச்சர் இல்லை.

“ரிமோட்டக் குடுங்க! திரும்பவும் அவ பெட்டிய நீங்க பிரிக்கிறதப் பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“கடலோர ரயில்கள் அனைத்தும் ரத்து!” டிவிக்குள்ளிருந்தவன் முந்திக்கொண்டான். “தண்டவாளங்கள் அடித்துச் செல்லப்படும் அபாயம்!”

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“காத்தே இல்லாம இப்படி வேர்த்துக் கொட்டுதேன்னு பஸ்லயே நெனச்சேன்… புயலுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்பாங்க.”

அடுத்த கணம் அவள் தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்திருந்தாள். துண்டு ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் என்று வெளியே விழுந்தன. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மகள் ஓடி வந்தாள்.

“அம்மா! போன வருஷம் அப்பா, இந்த வருஷம் நீயா? உங்க ரெண்டு பேருக்கும் முறை வெச்சிருக்கீங்களா?”

“வாய மூடுடி! உயிர் இருந்தா அடுத்த வருஷம் படிச்சுக்கலாம்.”

சொன்ன பிறகுதான் அவை யாருடைய சொற்கள் என்பது டீச்சருக்கு உறைத்தது. ஆயினும் கை நிற்கவில்லை. அச்சம் என்பது அறிவைக் கேட்டுக்கொண்டா உள்ளே நுழைகிறது?

லிப்ட் மெக்கானிக் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மனைவியின் பிடியிலிருந்த துண்டை மெல்ல விடுவித்து மடித்தார். சிதறியவற்றை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சீருடையை வைத்தார்.

“விடு. அவ காலைல போறா.”

“புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? தண்டவாளமே இருக்காதுங்கிறான், காதுல விழலையா?”

“விழாம என்ன? காலைலேருந்து திருப்பித் திருப்பி அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். கேக்கக் கேக்கத்தான் இவள அனுப்பத் தைரியம் வருது.”

“புயலப் பாத்தா யாருக்காவது தைரியம் வருமா?”

அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“போன வருஷம் வராமலே போன புயல்டி இது.”