நாளை காலை பத்து மணிக்கு

மேலவையைக் கலைக்கும் சட்டம் நிறைவேறிய அன்று, இனி அவை கூடாது என்று தலைவர் படிக்க வேண்டிய கடைசி வாக்கியத்தைச் செயலாளர் மங்கையர்க்கரசிதான் எழுதிக் கொடுத்தாள். தலைவர் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, பழக்க தோஷத்தில், "அவை நாளை காலை பத்து மணிக்கு மீண்டும் கூடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திருத்த வேண்டியது அவள் வேலை, வாய் வரவில்லை. தும்மினால்கூட ஒழுங்குப் பிரச்சினை கிளப்புகிற எதிர்க்கட்சிக் கொறடா பிச்சமுத்துவும் எழவில்லை. எல்லோரும் காலி நாற்காலியை வணங்கிவிட்டு, மறுநாள் வரப்போகிறவர்களைப் போலவே கலைந்தார்கள்.

வருடங்கள் ஓடிவிட்டன. கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் மங்கையர்க்கரசியின் பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பினார். பிச்சமுத்து. நலம் விசாரிக்கவில்லை. அவை இருந்த காலத்தில் தினமும் காலையில் அவள் அறைக்குள் நுழைந்து, காப்பி வருவதற்குள் சண்டையைத் தொடங்கும் அதே குரலில் கேட்டார்:

"மேடம், பத்தாகப் போவுது. இன்னிக்கு முதல்ல என்ன எடுக்கிறோம்?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "கேள்வி நேரம்தான் சார். ஆனா அவை நடத்த ஆள் போதாதே?"

"போதலைன்னு உறுப்பினர் யாராவது எழுந்து சொன்னாத்தானே? நான் சொல்லப்போறதில்லை."

சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. தலைவர் அவைக்குள் நுழையும்போது எழுவதுபோல, இருவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்கள்.

"உங்களை இன்னும் கூப்பிடலையே, உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

அவர்கள் உட்காரவில்லை. தலைவர் இன்னும் அமரவில்லை.