அத்தானின் ஸ்பீடு பைத்தியம்

"அறுபத்திரண்டு வயசுல மனுஷனுக்கு ஸ்பீடு கேக்குதுடா!"

ஊரிலிருந்து வந்த தம்பி பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"என் பால் பாத்திரத்துல மண்ணெண்ணெயை ஊத்தி கார்பரேட்டரை ஊறப் போட்டிருக்கார். டூத் பிரஷ்ஷைக் காணோமேன்னு தேடினா, அதை வச்சு அழுக்குத் தேய்ச்சுட்டிருக்கார். நாப்பது வருஷத்துக் காருக்கு இந்தச் சீராட்டு! நீயாவது நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு."

கேட்கத்தான் தம்பி ஷெட்டுக்குப் போனான்.

அத்தான் நிமிரவே இல்லை. "வா மச்சான், சரியான நேரத்துக்கு வந்தே! இந்த ஸ்பேனரைப் பிடி."

"அத்தான், இந்த வயசுல ஸ்பீடு எதுக்கு?"

"இந்த ஊசித் துளையைப் பாரு. மெயின் ஜெட். பெட்ரோல் இது வழியாத்தான் போகணும். போன வாரம் ரெண்டு நம்பர் பெரிசாப் போட்டேன், கரும்புகை கக்குச்சு. இன்னிக்கு ஒரு நம்பர் இறக்கியிருக்கேன். திடீர்னு அழுத்தினா திணறும், அதுக்குப் பம்ப்புல புதுத் தோல் வாஷர். தேய்ஞ்ச இடத்துக்கு லேத்துல புஷ் போட்டாச்சு. இனிமே காத்து திருட்டுத்தனமா உள்ளே நுழைஞ்சிடுமா?"

கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

அரை மணியில் மாட்டி முடித்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. தம்பிக்கே சிலிர்த்தது.

"ஏறு, ஏறு! வாட்ச்சைப் பார்த்துக்கோ!"

"நீயும் சேர்ந்துட்டியா? உருப்பட்ட மாதிரிதான்!" அக்காவின் குரல் பின்னால் தேய்ந்தது.

கடைசி வீடு தாண்டியதும் மலைப்பாதை. முதல் கொண்டை ஊசி வளைவில் கார் முக்காமல் முனகாமல் ஏறியது.

"போன வாரம் இங்க செகண்ட் கியருக்கு வந்துட்டேன் மச்சான். இப்பப் பாரு, தேர்டுலயே போகுது!"

தம்பி வந்த வேலையை மறந்தே போனான். "அழுத்துங்க அத்தான்! விடாதீங்க!"

உச்சியில் ஒரு பெரிய கேட்டைத் தொட்டாற்போல் கார் நின்றது.

"எவ்வளவு?"

"பதினேழு நிமிஷம், இருபது செகண்ட்!"

அத்தான் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"இதுக்குப் போயா அத்தான் அழறீங்க? எந்தப் பந்தயத்துல ஓட்டப் போறீங்க?"

அப்போதுதான் தம்பி கேட்டுக்கு மேலிருந்த போர்டைப் பார்த்தான். ஆஸ்பத்திரி.

"மூணு மாசம் முன்னாடி உங்க அக்காவுக்கு நெஞ்சு வலி. உனக்குச் சொல்ல வேணாம்னுட்டா. ஆம்புலன்ஸ்னா இங்கேர்ந்து இறங்கி வந்து திரும்ப ஏறணும். இந்த வண்டியில போட்டுட்டு வந்தேன். ஒவ்வொரு மேட்டுலயும் திணறுது. வந்து சேர இருபத்தாறு நிமிஷம். நூலிழையில பொழைச்சா."

அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"மறுபடியும் வரலாம், அடுத்த தடவை இருபது நிமிஷத்துக்குள்ள கொண்டு வந்துடுங்கன்னு டாக்டர் என்கிட்ட மட்டும் தனியாச் சொன்னார். அவகிட்ட மூச்சு விட்டுடாதே, பயந்துடுவா."

"அக்கா உங்களைப் பைத்தியம்னு திட்டறாளே அத்தான்!"

அத்தான் காரைத் திருப்பினார்.

"திட்டட்டும் மச்சான். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும்தான் எனக்கு நிம்மதி."